கார்லைல் வெள்ளிக் காசுகள்: ஸ்காட்லாந்துடையவையா, இங்கிலாந்துடையவையா?

12-ஆம் நூற்றாண்டில் கார்லைல் நகரில் அடிக்கப்பட்ட வெள்ளிப் பென்னிகளைச் சில பட்டியல்கள் ஸ்காட்லாந்துக் காசுகள் என்றும், வேறு சில இங்கிலாந்துக் காசுகள் என்றும் குறிக்கின்றனவே, ஒரே ஊரில் ஒரே காசடிப்பவரின் பெயரோடு வந்த காசுகளுக்கு இரண்டு நாடுகள் எப்படி வாய்த்தன, ஒன்றைக் கையில் எடுத்தால் அது யாருடையது என்று எதை வைத்துச் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. பல ஆண்டுகளாக இந்தக் காசுகளைப் படித்து வருபவன் என்ற முறையில் சற்று விரிவாகவே பதில் எழுதுகிறேன்.

சுருக்கமான விடையை முதலில் சொல்லிவிடுகிறேன். பூவா தலையா என்று சுண்டும்போது நாம் சொல்லும் அதே இரண்டு பக்கங்கள்தாம் இங்கேயும் வழக்கைத் தீர்க்கின்றன. தலைப்பக்கம் அந்த ஊரை யார் தம்முடையது என்று உரிமை கோரினார் என்பதைச் சொல்கிறது. பூப்பக்கம் அந்த வெள்ளிக்கு யார் பொறுப்பேற்றார் என்பதைச் சொல்கிறது. அமைதியான நாட்டின் நடுவில் இருக்கும் அக்கசாலையில், அதாவது காசு அடிக்கும் பட்டறையில், இந்த இரண்டுக்கும் முரண்பாடு வருவதில்லை. எல்லையில் இருந்த அக்கசாலையில் முரண்பாடு வந்தது, பலமுறை வந்தது. ஆகவே இத்தகைய காசுகளைப் பூப்பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

காசை நெருங்கிப் பார்ப்போம். ஸ்காட்லாந்து அரசர் டேவிடின் பெயரோடு கார்லைலில் வந்த பென்னி ஒன்று ஏறத்தாழ 1.4 கிராம் எடையுள்ள மெல்லிய வெள்ளித் தகடு. தலைப்பக்கத்தில் முடி சூடிய அரசர் வலப்புறம் நோக்கிப் பக்கவாட்டில் இருப்பார். முகத்துக்கு முன்னால் செங்கோல் நிமிர்ந்து நிற்கும். சுற்றிலும் லத்தீனில் அரசர் டேவிட் என்ற எழுத்து. பூப்பக்கத்தில் ஒரு சிலுவை. அதைச் சுற்றி "எரெபால்ட், கார்லைலில்" என்று பொருள்படும் எழுத்து, ஊர்ப்பெயர் சில எழுத்துகளாகச் சுருங்கி நிற்கும். பல காசுகளில் இந்த எழுத்தில் பாதி தகட்டின் விளிம்புக்கு வெளியே போயிருக்கும், அல்லது சுத்தியல் அடி ஒரு பக்கமாக விழுந்ததால் எதிர்ப்புறம் வெறும் வெள்ளியாகத் தட்டையாக இருக்கும். முழு எழுத்தும் தெளிவாக விழுந்த காசு அரிது என்பதால், மங்கிய ஒரு எழுத்தின் காலைப் பிடித்துக்கொண்டு ஊரையும் ஆளையும் ஊகிக்க வேண்டிய நிலை அடிக்கடி வரும்.

எரெபால்ட் என்ற அந்தப் பெயர் அரசருடைய பெயரும் அன்று, பிரபுவுடைய பெயரும் அன்று. அவர் காசடிப்புக்குப் பொறுப்பேற்ற நகரத்துச் செல்வர். வெள்ளியை வாங்கி, உருக்கி, மாற்றுக் குறையாமல் பார்த்து, எடைக்கு வெட்டி, அச்சில் அடித்துக் கொடுப்பது அவர் பொறுப்பு. ஒரு காசில் வெள்ளி குறைந்தால் யாரைப் பிடிப்பது என்பதற்காகவே அவர் பெயர் அதில் பொறிக்கப்பட்டது. இது வெறும் சடங்கு அன்று. 1124-ஆம் ஆண்டுக் கிறிஸ்துமஸின்போது இங்கிலாந்தின் முதலாம் ஹென்றி நாட்டின் காசடிப்பவர்களை வின்செஸ்டருக்கு வரவழைத்து, காசைக் கெடுத்த குற்றத்துக்காகப் பலரது வலக்கையை வெட்டவும் விதைகளை நீக்கவும் செய்தார். அதே ஆட்சியில் காசின் விளிம்பில் சிறு வெட்டு ஒன்றைப் போட்டு வெளியிடும் வழக்கம் இருந்தது. உள்ளே செம்பு இல்லை, முழுதும் வெள்ளிதான் என்று வாங்குபவர் கண்ணால் பார்த்துக்கொள்வதற்காக என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். இவ்வளவு ஐயம் நிலவிய காலத்தில், தன் பெயரைப் பொறித்துக் காசு வெளியிடுவது என்பது தன் கையையே ஈடு வைப்பதற்குச் சமம்.

அடிக்கும் முறையும் இந்தக் கதையில் பங்கு பெறுகிறது. அரசர் தலையுள்ள அச்சு கீழே, மரக்கட்டையில் ஆழமாகப் பதிக்கப்பட்டிருக்கும். காசடிப்பவரின் பெயரும் ஊரும் சிலுவையும் உள்ள அச்சு மேலே, கையில் பிடிக்கும் உளி போன்ற இரும்பின் முனையில் இருக்கும். நடுவில் வெள்ளித் தகட்டை வைத்து மேலச்சின் தலையில் சுத்தியலால் அடிப்பார்கள். அடி நேராக விழுவது மேலச்சின் மேல் என்பதால் அது சீக்கிரம் பிளந்துவிடும். கீழச்சு ஒன்று தேய்வதற்குள் மேலச்சுகள் இரண்டு மூன்று மாறிவிடும். ஆட்சி மாறினால் கட்டாயமாக மாற வேண்டியது கீழச்சு மட்டுந்தான். பட்டறையும் ஆட்களும் உலையும் தராசும் அப்படியே இருக்கலாம். எல்லை ஊரில் நடந்ததும் அதுதான்.

இனி ஊருக்கு வருவோம். கார்லைல் இன்றைய இங்கிலாந்தின் வடமேற்கு மூலையில், ஈடன் ஆற்றின் கரையில், ரோமானியர் கட்டிய ஹேட்ரியன் சுவரை ஒட்டி இருக்கிறது. 1092-இல் இங்கிலாந்து அரசர் இரண்டாம் வில்லியம் படையோடு வந்து, அங்கே ஆண்ட டால்ஃபினை விரட்டி, கோட்டை எழுப்பி, தெற்கிலிருந்து குடியானவர்களைப் பெண்டுகளோடும் கால்நடைகளோடும் அனுப்பி நிலத்தை உழவைத்தார். அதற்கு முன்பு அந்தப் பகுதி ஸ்காட்லாந்து அரசரின் செல்வாக்கில் இருந்தது. ஸ்காட்லாந்து அதை மறக்கவில்லை. 1122-இல் முதலாம் ஹென்றி நேரில் வந்து நகரை மதிலாலும் கோபுரங்களாலும் வலுப்படுத்த ஆணையிட்டார். 1133-இல் அதற்கென்று ஓர் ஆயரையும் நியமித்தார். காசடிப்பும் அவருடைய ஆட்சியின் பிற்பகுதியில்தான் அங்கே தொடங்கியது. கோட்டை, மதில், ஆயர், அக்கசாலை என்ற வரிசையைப் பாருங்கள். எல்லையில் ஓர் அரசு தன் கால்களை ஊன்றும் முறை அது.

ஆனால் அக்கசாலை அங்கே வந்ததற்கு அரசியலைத் தவிர இன்னொரு காரணமும் இருந்தது: வெள்ளி. கார்லைலுக்குத் தென்கிழக்கே பென்னைன் மலைத்தொடரில் ஆல்ஸ்டன் என்ற இடத்தைச் சுற்றி ஈயத்தாது கிடைக்கிறது. ஈயத்தாதுவில் சிறிதளவு வெள்ளி கலந்திருக்கும். தாதுவை உருக்கி ஈயமாக்கி, அந்த ஈயத்தைச் சாம்பல் படுக்கையில் வைத்துக் காற்றை ஊதிக் கடுமையாகச் சூடாக்கினால், ஈயம் காற்றோடு சேர்ந்து படுக்கையில் ஊறிப்போகும், நடுவில் வெள்ளி உருண்டை மட்டும் மிஞ்சும். இந்த வேலைக்கு வேண்டிய தாதுவும் விறகும் நீரும் அந்த மலையில் இருந்தன. 1130-ஆம் ஆண்டின் அரசுக் கணக்குச் சுருளில், கார்லைல் நகரத்தார் வெள்ளிச் சுரங்கத்தின் பழைய குத்தகைக்காக 5 பவுண்டு கணக்குக் காட்டியிருக்கிறார்கள். முதலாம் ஹென்றியின் ஆட்சியிலிருந்து நமக்குத் தப்பி வந்த ஒரே ஆண்டுக் கணக்கு அது. 1133-க்கு உரிய குறிப்பாக டோரிஞியின் ராபர்ட் என்ற துறவி எழுதியதோ வேறு அளவு: கார்லைலில் வெள்ளி கண்டுபிடிக்கப்பட்டது, பூமியின் வயிற்றில் அதைத் தேடியவர்கள் ஆண்டுக்கு 500 பவுண்டு அரசருக்குச் செலுத்தினார்கள் என்கிறார்.

ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. ஆகவே 5 பவுண்டு என்பது 1,200 காசு; 500 பவுண்டு என்பது 1,20,000 காசு. துறவிகள் எழுதும் பெருந்தொகைகளை நான் எப்போதும் சற்று விலகி நின்றே பார்ப்பேன். இருந்தாலும் அதில் பாதியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், மூன்று ஆண்டுகளுக்குள் ஒரு மலைப்புறச் சுரங்கம் அரசின் பெரிய வருவாய்களில் ஒன்றாகிவிட்டது என்று பொருள். 1135 டிசம்பர் 1 அன்று முதலாம் ஹென்றி இறந்தபோது, சில வாரங்களுக்குள் ஸ்காட்லாந்து அரசர் டேவிட் படையோடு எல்லையைக் கடந்து கார்லைலைக் கைப்பற்றியதை இந்த வெள்ளியை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. அதுவரை எந்த ஸ்காட்லாந்து அரசரும் தம் பெயரில் காசு அடித்ததில்லை. டேவிட்தான் முதல்வர், அவருக்கு அந்தத் திறன் கார்லைலோடு வந்து சேர்ந்தது. ஒரு நாட்டின் நாணய வரலாறு அண்டை நாட்டின் அக்கசாலையைப் பிடித்ததிலிருந்து தொடங்குகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பு தரும் செய்தி.

இங்கேதான் உரிமைச் சிக்கல் தொடங்குகிறது. டேவிட் அந்நியர் அல்லர். அவருடைய அக்காள் முதலாம் ஹென்றியின் மனைவி. அவரே இளமையில் அந்த அரசவையில் வளர்ந்தவர். இங்கிலாந்தில் ஹன்டிங்டன் பிரபுத்துவமும் அவருக்கு இருந்தது. ஹென்றியின் மகள் மட்டில்டா டேவிடுக்கு அக்காள் மகள். தனக்குப் பின் மட்டில்டாவே அரசி என்று ஹென்றி 1127-இல் பிரபுக்களிடம் உறுதிமொழி வாங்கியபோது டேவிடும் உறுதி கொடுத்தார். ஹென்றி இறந்ததும் அவருடைய சகோதரி மகன் ஸ்டீபன் முந்திக்கொண்டு முடி சூடினார். அக்காள் மகளுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவதாகச் சொல்லித்தான் டேவிட் படை எடுத்தார். 1136 பிப்ரவரியில் ஸ்டீபன் டர்ஹாமுக்கு வந்தார்; போருக்குப் பதிலாக உடன்பாடு ஏற்பட்டது. டேவிட் ஸ்டீபனைத் தம் தலைவராக ஏற்கும் பணிவு உறுதி செய்யவில்லை, மட்டில்டாவுக்குக் கொடுத்த வாக்கு தடுத்தது. அவருடைய மகன் இளவரசர் ஹென்றி யார்க்கில் ஸ்டீபனுக்குப் பணிவு உறுதி செய்து, கார்லைலையும் ஹன்டிங்டனையும் டான்காஸ்டரையும் பெற்றுக்கொண்டார்.

இதன் விளைவை எண்ணிப் பாருங்கள். ஏட்டின்படி கார்லைல் இங்கிலாந்து அரசர் ஸ்டீபனின் நாட்டுக்குள் உள்ள நகரம். அதை ஸ்டீபனின் கீழ்ப்பட்ட பிரபுவாக வைத்திருப்பவர் இளவரசர் ஹென்றி. ஆனால் அந்த நகரில் வாழ்ந்து, கோட்டையைக் கட்டி, அங்கிருந்தே ஆட்சி நடத்தியவர் டேவிட். ஒரு காசில் ஸ்டீபன் பெயர் இருந்தால் அதற்கு ஒரு நியாயம் உண்டு. ஹென்றி பெயர் இருந்தால் அதற்கும் உண்டு. டேவிட் பெயர் இருந்தால் அதற்கும் உண்டு. மூன்றும் பொய்யல்ல. நீங்கள் கேட்ட குழப்பத்தின் வேர் பட்டியல் எழுதியவர்களின் கவனக்குறைவில் இல்லை, இந்த உடன்பாட்டிலேயே இருக்கிறது.

காசுகளின் வடிவம் இதைச் சொல்லிக்கொண்டே வருகிறது. டேவிட் பெயரில் முதலில் வந்த கார்லைல் காசுகள் ஸ்டீபனின் முதல் வகைக் காசுகளைப் போலவே இருக்கின்றன. அந்த வகைக்கு, 1818-இல் வாட்ஃபர்டில் கிடைத்த புதையலை வைத்து வாட்ஃபர்ட் வகை என்று பெயர். முனைகள் பிளந்து இருபுறமும் சுருண்ட சிலுவை, அதன் நான்கு இடைவெளிகளிலும் அல்லிப்பூ, பக்கவாட்டு முகம், செங்கோல் என எல்லாம் அதே அமைப்பு. அரசர் பெயர் மட்டும் டேவிட். எழுத்துத் தெரியாத ஒரு வணிகர் இந்த இரண்டையும் பிரித்தறிந்திருக்க மாட்டார். அப்படி அறியாமல் இருப்பதே நோக்கமாகவும் இருந்திருக்கலாம். புதிய அரசர் பெயரில் வரும் காசைச் சந்தை ஏற்றுக்கொள்ள வேண்டுமானால், பழகிய காசைப் போலவே தோற்றமும் எடையும் இருக்க வேண்டும்.

பிறகு ஒரு தாழ்வான கட்டம் வருகிறது. இங்கிலாந்து அரசில் அச்சுகளைச் செதுக்குவது லண்டனில் மையப்படுத்தப்பட்ட வேலை. ஊர்க் காசடிப்பவர்கள் பணம் கட்டி அச்சுகளை வாங்கிப் போக வேண்டும். உள்நாட்டுப் போர் அந்த வழியை அடைத்ததும் வடக்கே உள்ளூர்க் கைகள் அச்சு செதுக்கத் தொடங்கின. வார்த்தையாகச் சேராத எழுத்துகள், கண்ணும் மூக்கும் கோடுகளாகச் சிதைந்த முகங்கள், ஸ்டீபன் காசைப் பார்த்துப் பார்த்துத் திரிந்துபோன வடிவங்கள் என்று அந்தக் காசுகள் இருக்கின்றன. அவற்றைக் குறைத்துப் பேசுவோர் உண்டு. எனக்கு அவை அருமையானவை. எழுத்தறியாத ஒரு தட்டார் முன்னே கிடந்த காசில் கண்டதைக் கண்டபடி, பொருள் தெரியாமல், ஆனால் முழுக் கவனத்தோடு இரும்பில் செதுக்கியிருக்கிறார். எந்தக் கோடு எழுத்து, எந்தக் கோடு அலங்காரம் என்று அவருக்குத் தெரியாமல் இருந்ததைக்கூட நாம் இன்று படிக்க முடிகிறது.

டேவிடின் பிற்காலக் காசுகளில் நிலைமை தேறுகிறது. எழுத்துகள் மீண்டும் பொருள் தருகின்றன. பூப்பக்கத்தில் முனைகள் பூவாக விரிந்த சிலுவையும் அதன் ஒவ்வோர் இடைவெளியிலும் ஒரு புள்ளியும் வருகின்றன. இது ஸ்டீபனின் காசுகளைப் பார்த்துச் செய்ததில்லை. ஸ்காட்லாந்து அரசரின் சொந்த வடிவம். கார்லைலோடு எடின்பரோ, ராக்ஸ்பரோ, பெரிக் போன்ற ஊர்களிலும் காசு அடிக்கப்பட்டது. கடன் வாங்கிய வடிவத்தில் தொடங்கியவர் தம் வடிவத்துக்கு வந்து சேர்ந்துவிட்டார்.

இளவரசர் ஹென்றியின் காசுகள் இன்னும் சுவையானவை. 1138 ஆகஸ்ட் 22 அன்று நார்தலர்ட்டன் அருகே, கொடிப் போர் என்று பெயர் பெற்ற போரில் டேவிட் படுதோல்வி அடைந்தார். ஆனால் 1139 ஏப்ரலில் ஏற்பட்ட இரண்டாம் டர்ஹாம் உடன்பாடு, தோற்றவருக்கே கூடுதலாகக் கொடுத்தது: ஹென்றி நார்தம்பர்லண்ட் பிரபுவானார். மட்டில்டா எந்நேரமும் இங்கிலாந்தில் வந்து இறங்கலாம் என்ற நிலையில், ஸ்டீபனுக்கு வடக்கில் அமைதி தேவைப்பட்டது. அதன் பிறகு ஹென்றி பெயரில் கார்லைலிலும் கார்பிரிட்ஜிலும் பாம்பரோவிலும் காசுகள் வந்தன. கார்பிரிட்ஜ் காசுகளின் பூப்பக்கத்தில் காசடிப்பவர் பெயரைப் படித்தால் எரெபால்ட் என்றே இருக்கிறது. தந்தை பெயரில் கார்லைலில் அடித்த அதே பெயர், மகன் பெயரில் டைன் ஆற்றங்கரையிலும் நிற்கிறது. தந்தை ஓர் அரசர், மகன் இன்னோர் அரசரின் கீழ்ப்பட்ட பிரபு. எரெபால்டுக்கோ இரண்டும் ஒரே தொழில், ஒரே மலை வெள்ளி.

அந்த ஆண்டுகளில் இங்கிலாந்து முழுவதும் காசடிப்பவர்கள் இதே நெருக்கடியில் இருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். எந்த அரசர் பெயரும் ஆகாத "பெரெரிக்" என்ற புரியாத சொல்லைத் தலைப்பக்கத்தில் போட்டுப் பல ஊர்களில் காசுகள் வந்தன; அதன் பொருளைப் பற்றி இன்றும் வாதம் நடக்கிறது. ஸ்டீபன் முகத்தின் மேல் குறுக்காகச் சிலுவைக்கோடு வெட்டிய அச்சில் அடித்த காசுகள் நாட்டிங்ஹாமிலிருந்து கிடைக்கின்றன. மட்டில்டா பெயரில் பிரிஸ்டலிலும் கார்டிஃபிலும் காசு வந்தது. யார் அரசர் என்பது தெளியாதபோதும் சந்தைக்குக் காசு வேண்டும். காசில் ஏதாவது ஒரு பெயர் வேண்டும். கார்லைலின் தனித்தன்மை, இந்தக் குழப்பத்தின் நடுவே அங்கே வெள்ளியும் இருந்தது, ஓரளவு உறுதியான ஆட்சியும் இருந்தது என்பதுதான்.

சரி, இந்தக் காசுகளை மக்கள் வாங்கினார்களா? வாங்கினார்கள். 1972-இல் மான்செஸ்டருக்கு அருகே பிரெஸ்ட்விச்சில் ஸ்டீபன் காலத்துக் காசுகள் 1,000-க்கும் மேல் அடங்கிய புதையல் கிடைத்தது. அதில் ஸ்டீபனின் காசுகளோடு வடக்கே டேவிட், ஹென்றி பெயரில் வந்த காசுகளும் கலந்திருந்தன. புதைத்து வைத்தவருக்கு அவை ஒரே குவியல்தான். 240 காசு ஒரு பவுண்டு, 160 காசு ஒரு மார்க் என்று எண்ணித் தரும் பழக்கத்தில், எடையும் மாற்றும் ஒத்திருந்தால் எல்லை குறுக்கே வரவில்லை. ஸ்காட்லாந்துக் காசும் இங்கிலாந்துக் காசும் ஒரே அளவில் நடந்த அந்த நிலை 14-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை ஏறத்தாழ நீடித்தது. ஸ்காட்லாந்து தன் காசின் எடையைக் குறைக்கத் தொடங்கிய பிறகே, காசின் மேலுள்ள அரசர் பெயரைப் படிக்க வேண்டிய தேவை சாதாரண வணிகருக்கு வந்தது.

கார்லைலில் டேவிடின் ஆட்சி அவர் உயிரோடு முடிந்தது எனலாம். 1149-இல் மட்டில்டாவின் மகனை, அதாவது பின்னாளைய இரண்டாம் ஹென்றியை, கார்லைலில் வைத்து டேவிட் வீரப்பட்டம் சூட்டி அனுப்பினார். தாம் அரசரானால் டைன் ஆறுவரை வட நிலம் டேவிடின் வழியினருக்கே என்று அந்த இளைஞர் உறுதி கொடுத்ததாகச் சொல்லப்படுகிறது. 1152-இல் இளவரசர் ஹென்றி இறந்தார். மறு ஆண்டு மே 24 அன்று டேவிட் கார்லைலிலேயே இறந்தார். பேரன் நான்காம் மால்கம் 12 வயதுச் சிறுவன். 1154-இல் முடி சூடிய இரண்டாம் ஹென்றி, 1157-இல் மால்கமை வரவழைத்துக் கார்லைலையும் கம்பர்லண்டையும் நார்தம்பர்லண்டையும் திரும்ப வாங்கிக்கொண்டார். கொடுத்த உறுதி காற்றோடு போயிற்று. அந்த ஒரே நாளில் ஸ்காட்லாந்து தன் வெள்ளி மலையை இழந்தது; மால்கம் பெயரிலுள்ள காசுகள் இன்று மிக அரிதாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நான் கருதுகிறேன்.

இனி வருவதுதான் இந்த வரலாற்றில் எனக்கு மிகப் பிடித்த பகுதி. 1158-இல் இரண்டாம் ஹென்றி இங்கிலாந்து முழுவதும் புதிய காசு வெளியிட்டார். கார்லைலில் அந்தப் புதிய காசின் பூப்பக்கத்தில் வில்லெம் என்ற பெயர் இருக்கிறது. அதே காலத்து அரசுக் கணக்குகளில் கார்லைல் வெள்ளிச் சுரங்கத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் பெயர் "எரெம்பால்டின் மகன் வில்லியம்" என்று வருகிறது; எரெம்பால்ட் என்பது நம் எரெபால்டின் பெயரே, எழுத்து மட்டும் சற்று வேறு. வில்லெமையும் இந்த வில்லியமையும் ஆய்வாளர்கள் ஒருவராகவே கொள்கிறார்கள். ஸ்காட்லாந்து அரசருக்கும் அவர் மகனுக்கும் காசடித்தவரின் பிள்ளை, எல்லை நகர்ந்த மறு ஆண்டே இங்கிலாந்து அரசருக்குக் காசடித்துக்கொண்டிருக்கிறார். துரோகம் என்று யாரும் அவரைத் தண்டித்ததாகத் தெரியவில்லை. அவருக்குப் பதில் இன்னொருவரைக் கொண்டுவருவது எளிதும் அன்று. மலையையும் தாதுவையும் உருக்கும் கைகளையும் அறிந்த குடும்பம் அது. பிற்காலத்தில் அவரை வீழ்த்தியது குத்தகைப் பாக்கிதான். தாது குறையக் குறையக் குத்தகைத் தொகை அப்படியே நின்றது. கணக்குச் சுருள்களில் அவர் பேரில் கடன் ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே போவதைப் பார்க்கலாம்.

அந்த 1158-ஆம் ஆண்டு வகைக் காசுகளுக்கு டீல்பி வகை என்று பெயர். 1807-இல் லிங்கன்ஷயரின் டீல்பி கிராமத்தில் ஒரு பானையில் 5,000-க்கும் மேற்பட்ட காசுகள் கிடைத்தன. சில நூறு காசுகளை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு மற்றவற்றையெல்லாம் லண்டன் கோபுரத்தில் உருக்கிவிட்டார்கள். அவற்றில் கார்லைல் காசுகள் எத்தனை போயின, எந்தெந்த அச்சுகளின் ஒரே சான்று போயிற்று என்பதை இனி யாரும் சொல்ல முடியாது. இதை எழுதும்போதும் மனம் வலிக்கிறது.

இப்போது உங்கள் கேள்வியின் நடைமுறைப் பகுதிக்கு வருகிறேன். பட்டியல் நூல்கள் பொதுவாக டேவிட் பெயருள்ள கார்லைல் காசை ஸ்காட்லாந்துப் பகுதியிலும், ஸ்டீபன் அல்லது இரண்டாம் ஹென்றி பெயருள்ளதை இங்கிலாந்துப் பகுதியிலும் வைக்கின்றன. இளவரசர் ஹென்றியின் காசை இரு நாட்டுப் பட்டியல்களும் தத்தம் பக்கத்தில் சேர்த்துக்கொள்கின்றன: ஒன்றில் அவர் ஸ்காட்லாந்து அரசரின் மகன், மற்றதில் ஸ்டீபன் காலத்துப் பிரபு. இது அடுக்கி வைப்பதற்கு வசதியான முறை, அவ்வளவுதான். காசைக் கையில் எடுக்கும்போது முதலில் பூப்பக்கத்து ஊரையும் பெயரையும் படியுங்கள். பிறகு எடையைப் பாருங்கள், 1.4 கிராமுக்கு மிகக் குறைந்தால் விளிம்பு வெட்டப்பட்டதா, அடிக்கும்போதே குறைவா என்று ஆராயுங்கள். எழுத்தின் செதுக்கு லண்டன் வேலையா உள்ளூர் வேலையா என்று பாருங்கள். அரசர் பெயரைக் கடைசியாகப் படியுங்கள். அதன் பிறகு ஒரே மேலச்சில் அடித்த வேறு காசு எங்காவது பதிவாகியிருக்கிறதா என்று படங்களை ஒப்பிடுங்கள். ஒரே மேலச்சு இரண்டு வேறு தலைகளோடு இணைந்திருந்தால், பட்டறை தொடர்ந்தது என்பதற்கு அதைவிட வலுவான சான்று கிடையாது.

அரசர் பெயரைக் கடைசிக்குத் தள்ளச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உண்டு. 1180-இல் இரண்டாம் ஹென்றி வெளியிட்ட குறுஞ்சிலுவைக் காசு, அவர் இறந்த பிறகும் ரிச்சர்ட், ஜான் ஆகிய இருவரின் ஆட்சி முழுவதும் "ஹென்றி" என்ற பெயரோடேயே வந்துகொண்டிருந்தது. கார்லைலிலும் ஆலன் என்பவர் அந்த வகையை அடித்தார். எனவே தலைப்பக்கத்துப் பெயர் ஆட்சியாளரின் பெயராகத்தான் இருக்கும் என்பதே நிச்சயமில்லை.

பூப்பக்கத்துப் பெயர் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குக் கிழக்குக் கடற்கரையில் ட்வீட் ஆற்றின் முகத்துவாரத்திலுள்ள பெரிக் நகரம் சான்று. எழுத்தைப் பார்த்துப் பெர்விக் என்று சொல்வோரும் உண்டு. ஊரார் சொல்வது பெரிக். லானர்காஸ்ட் மடத்துக் குறிப்பேடு இன்னோர் அலெக்சாண்ட்ரியா என்று புகழ்ந்த கம்பளித் துறைமுகம் அது. 1296 மார்ச் 30 அன்று முதலாம் எட்வர்ட் அதைப் பிடித்துக் குடிமக்களைக் கொன்று குவித்தார். 1318-இல் ஸ்காட்லாந்தின் ராபர்ட் புரூஸ் மீட்டார். 1333 ஜூலையில் ஹாலிடன் குன்றுப் போருக்குப் பிறகு மூன்றாம் எட்வர்ட் திரும்பப் பிடித்தார். 1461-இல் அது மீண்டும் ஸ்காட்லாந்து கைக்குப் போய், 1482-இல் இறுதியாக இங்கிலாந்தோடு நின்றது. ஆனால் 1279-ஆம் ஆண்டுச் சீர்திருத்தத்தோடு இங்கிலாந்துக் காசுகளில் காசடிப்பவர் பெயரைப் பொறிக்கும் வழக்கம் ஏறத்தாழ ஒழிந்து, ஊர்ப்பெயர் மட்டும் நின்றது. அடுத்த ஆண்டு ஸ்காட்லாந்துக் காசுகளில் ஊர்ப்பெயரும் போய், "ஸ்காட்டியரின் அரசர்" என்ற பட்டம் மட்டும் நின்றது. பூப்பக்கத்து விண்மீன்களின் முனைகளை எண்ணித்தான் எந்த ஊர் என்று ஊகிக்கிறார்கள். ராபர்ட் புரூஸின் அரிய பென்னிகள் பெரிக்கில் அடித்தவை என்று பெரும்பாலோர் கருதுவதும், நகரை மீட்ட பிறகே அவரால் அடித்திருக்க முடியும் என்ற அனுமானத்தின் மேல்தான். காசில் ஊரும் இல்லை, ஆளும் இல்லை. அங்கே எரெபால்ட் போன்ற ஒருவரைப் பின்தொடர நமக்கு வழியே இல்லை.

ஆயினும் பெரிக்கின் எட்வர்ட் காசுகள் தம் ஊரை வேறு வகையில் காட்டிக்கொடுக்கின்றன. அவற்றின் அச்சுகளில் பெரும்பாலானவை லண்டனிலிருந்து வரவில்லை, உள்ளூரில் செதுக்கியவை. எழுத்தின் பருமனும் முகத்தின் அமைப்பும் லண்டன் காசோடு பக்கத்தில் வைத்தால் உடனே வேறுபடும். மூன்றாம் எட்வர்ட் காலத்துப் பெரிக் காசுகள் சிலவற்றில், பூப்பக்கத்துச் சிலுவையின் இடைவெளிகளில் வழக்கமாக வரும் மூன்று புள்ளிகளுக்குப் பதிலாக, ஓர் இடைவெளியிலோ இரண்டிலோ சிறு கரடித் தலை ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயரின் முதல் அசை ஆங்கிலத்தில் கரடியைக் குறிக்கும் சொல்லோடு ஒலிப்பதால், கரடி அந்த ஊரின் சின்னம். அரைப் பென்னியில் அந்தத் தலை ஒரு எள்ளளவுதான்; உருப்பெருக்காடியை வைத்து வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் காதும் மூக்கும் தெரியும். உங்களிடம் பெரிக் காசு ஏதேனும் இருந்தால் அந்த நான்கு மூலைகளையும் ஒருமுறை அப்படிப் பார்த்துவிடுங்கள்.